ஆநிரைக் கணக்கு

2019-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்து மாடு வளர்ப்போருக்கு இரண்டு அடையாளங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு. மற்றொன்று, அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி வட நாட்டு மதுராவில் பிரதம மந்திரி தொடங்கி வைத்த தேசீயக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தால் நாடெங்கும் பரவிய காது வில்லை. பன்னிரண்டு இலக்க எண் பொறித்த அந்த மஞ்சள் வில்லையை இன்று காணாத கிராமவாசி இரார்.

முதல் அடையாளம் பண்டத்துக்கு. இரண்டாவது அப்பண்டத்தின் தாய்க்கு. பால்கோவாப் பெட்டியைக் கையிலெடுத்து, 'இஃது எவ்வூர்ச் சரக்கு?' என்று கேட்போருக்குச் சட்டம் விடை கூறுகிறது. ஆனால், அப்பெட்டியிற் சுண்டியிருக்கும் பால் எந்தத் தொழுவத்திற் கறந்தது, கறந்த பசு எந்தத் தாவணியில் வாங்கப் பெற்றது, அதற்கு எப்பொழுது தடுப்பூசி போடப்பட்டது, எந்நோய்க்கு எம்மருந்து கொடுக்கப்பட்டது என்று கேட்பின், விடை கிடைப்பது அரிதினும் அரிது. காதில் எண் ஏறியிருக்கிறது; அவ்வெண்ணின் பின்னே செல்ல வேண்டிய கணக்கு ஏறவில்லை. இக்குறையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும்.

'தேசத்தில் எத்தனையோ பெரிய காரியங்கள் காத்துக் கிடக்க, மாட்டின் காதைப் பற்றித் தலையங்கமா?' என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி இது: 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடியே 25 இலட்சத்தை ஒட்டியவை, எருமைகள் ஏறக்குறைய 11 கோடி. தமிழ்நாட்டில் மட்டும் மாடுகள் 95 இலட்சத்துக்கு மேற்பட்டவை. இவை பெரும் பண்ணைகளில் அடைபட்டிருப்பவை அல்ல. ஓரேர் நிலமுடையோனிடமும், நிலமே இல்லாத கூலியாளிடமும், கணவனை இழந்து குழந்தைகளைக் காப்பாற்றும் தாயினிடமும் ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடப்பவை. மழை பொய்த்தால் வயல் கைவிடும். அப்பொழுதும் காலையும் மாலையும் அடுப்பெரியச் செய்வது பசுவின் மடியே. அந்தப் பசு ஒரு நாள் வாயில் நுரை தள்ளி, குளம்பு வெடித்து நிற்குமாயின், அக்குடும்பத்தின் பொக்கிஷம் கொள்ளை போயிற்று என்பதே பொருள். இதனினும் பெரிய தேச காரியம் யாது?

முதியோர் சிலர் வேறொன்று கேட்பர்: 'வெக்கை நோயை ஒழித்தபோது மாட்டின் காதில் எண் இருந்ததா?' இது நகைத்துத் தள்ளத்தக்க கேள்வியன்று. ஆய்ந்து விடை கூறத்தக்க கேள்வி. தலைமுறை தலைமுறையாக நமது ஆநிரைகளை வாரிச் சென்ற வெக்கை நோய் இந்தியாவில் 1995-ஆம் ஆண்டோடு நின்றது. 2006-ல் இந்தியா அந்நோயின் தொற்றினின்றும் நீங்கிய நாடென்று சர்வதேசக் கால்நடைச் சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. 2011-ல் உலகம் முழுவதுமே அதனின்றும் விடுதலை பெற்றது. இது நமது மிருக வைத்தியர்களும் கிராம ஜனங்களும் சேர்ந்து பெற்ற மாபெரும் வெற்றி. காது வில்லையின்றியே பெற்ற வெற்றி என்பதும் மெய்யே.

ஆனால், நோய்க்கு நோய் தன்மை வேறு. வெக்கையின் கிருமி தடுப்பூசியைப் பொறுத்தமட்டில் ஒரே தன்மையது. நல்ல ஊசி ஒருமுறை ஏறினால் மாட்டை நெடுங்காலம் காத்து நின்றது. ஊர் ஊராகவும், மாடு செல்லும் வழி வழியாகவும் தேடிச் சென்று, எஞ்சிய நோயை வளைத்து ஒழிக்க முடிந்தது. கோமாரியோ அத்தகையதன்று. ஓ, ஏ, ஆசியா-1 என மூன்று வகையாக அது நம் நாட்டில் உலவுகிறது. ஒன்றுக்குரிய காவல் மற்றொன்றுக்கு உதவுவதில்லை. மூன்றையும் சேர்த்துப் போடும் ஊசியின் காவலும் ஆறு மாத அளவினதே. ஆதலின், மாடு எருமை ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுதோறும், தவறாமல் ஊசி ஏற வேண்டும். எந்த மாடு பெற்றது, எது தவறியது, எது இடையில் விலைபோயிற்று என்று அறியாதபடி இக்காரியத்தை நிறைவேற்றுதல் யாங்ஙனம்? தெருவில் நூறு மாடு இருந்தால் நூறு ஊசி வாங்கிச் செலவிட்டுவிட்டோம் என்பது கணக்காகாது. சாந்தமான மாடு இரண்டு ஊசி பெற்றிருக்கும், முரட்டு மாடு ஒன்றும் பெறாதிருக்கும். ஊசியின் கணக்கு வேறு. மாட்டின் கணக்கு வேறு.

மதுராவில் தொடங்கிய திட்டத்துக்கு 2024 வரையிலான ஐந்தாண்டுக்கென இந்தியா சர்க்கார் 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினர். கோமாரியையும், கன்று வீசச் செய்யும் புருசெல்லா நோயையும் 2025-க்குள் அடக்கி, 2030-க்குள் அறவே ஒழிப்பதென்று குறி வைத்தனர். ஜனங்களின் வரிப்பணம் இத்துணை பெருந்தொகையாகச் செலவாகும் காரியத்தில், கணக்கு ஓட்டையாக இருக்குமாயின் பணமும் ஒழுகும், நோயும் ஒழுகும்.

கணக்கில்லாமையின் விலை யாதென்பதற்கு, நம்மை ஒரு காலத்தில் ஆண்ட பிரிட்டனையே உதாரணமாகக் காட்டலாம். 1986-ல் அங்கே மாட்டுக்குப் பித்து நோய் கண்டது. நோயுற்ற மாட்டின் இறைச்சிக்கும் மனிதருக்கு வந்த மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடுமென்று 1996 மார்ச்சு மாதம் அந்நாட்டு சர்க்கார் பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டவுடன், ஐரோப்பா முழுவதும் பிரிட்டிஷ் இறைச்சிக்குக் கதவடைத்தது. நோயற்ற மந்தை வைத்திருந்த விவசாயிக்கும் தன் மாடு நோயற்றதென்று மெய்ப்பிக்க ஆதாரமில்லை. நல்லதும் தீயதும் ஒரே விலைக்கு வீழ்ந்தன. அதன் பின்னரே ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் எண்ணும், கையில் பாஸ்போர்ட்டும், 1998 முதல் நாடு முழுவதற்குமான கணினிக் கணக்கும் அங்கே ஏற்பட்டன.

ஆயினும் அந்நாடு பாடத்தைப் பாதியே கற்றது. மாடுகளுக்குச் செய்ததை ஆடுகளுக்குச் செய்யவில்லை. 2001 பிப்ரவரியில், எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு வதை சாலைக்கு வந்த பன்றிகளிடம் கோமாரி வெளிப்பட்டது. அதற்குள் நோயுற்ற செம்மறியாடுகள் ஹெக்ஸாம், லாங்டவுன் சந்தைகளின் வழியே நாடெங்கும் விலைபோயிருந்தன. தனித்தனி அடையாளமில்லாத ஆடுகளைப் பின்தொடர்ந்து பிடிப்பது எளிதாயிருக்கவில்லை. நோய் முன்னே ஓட, அதிகாரிகள் பின்னே ஓடினர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் நோய் உறுதியாயிற்று. அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிராணிகள் கொன்று அழிக்கப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை நோயற்றவை. எது நோயுற்றது, எது அதனோடு கலந்தது என்று பிரித்தறிய வகையில்லாதவிடத்து, அனைத்தையும் அழிப்பதே வழியாகி விடுகிறது. அறியாமை கொல்லும் என்னும் பழமொழி இங்கே சொல்லுக்குச் சொல் மெய்யாயிற்று.

நமது பக்கத்துக்கு வருவோம். வத்திராயிருப்பில் ஒரு தொழுவத்தில் கோமாரி கண்டதென்று வைத்துக்கொள்வோம். அந்தப் பசு பத்து நாளைக்கு முன் தாவணியில் வாங்கியது. விற்றவன் அதனை மற்றொரு தாவணியில் வாங்கியவன். இடையே தரகர் இருவர். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை முடிந்தது, பணம் கைமாறியது, கயிறு கைமாறியது, கணக்கு மட்டும் கைமாறவில்லை. வில்லையில் உள்ள எண்ணைக் கணினியில் தட்டினால் முதற் சொந்தக்காரன் பெயரே வரும். அவனோ, 'நான் விற்று ஓராண்டாயிற்று' என்பான். அதே தாவணியில் அன்று நின்ற மற்ற மாடுகள் எங்கே? ஒன்று ராஜபாளையம் போயிருக்கும். ஒன்று மலை கடந்து கேரளம் போயிருக்கும். நோயும் அவற்றோடு போயிருக்கும். எண் இருந்தும் பயனென்ன? அது நோய்க்குக் காவலன்று, காதுக்குக் கம்மல்.

ஒவ்வொரு விற்பனையிலும் எண் புதிய சொந்தக்காரன் பெயருக்கு மாறியிருப்பின், மாட்டாஸ்பத்திரி வைத்தியர் ஒரு மணி நேரத்தில் அம்மாட்டின் வழியை முன்னும் பின்னும் அறிவார். எச்சரிக்க வேண்டியவை பத்துத் தொழுவங்களாயின் பத்தை மட்டும் எச்சரிப்பார். ஜில்லா முழுவதும் சந்தைகளை மூட வேண்டுவதில்லை. கணக்கு உள்ளவிடத்துத் தடையும் சிறிது; நஷ்டமும் சிறிது.

2022-ல் ராஜஸ்தானம், குஜராத்து முதலிய இராஜ்யங்களில் தோல் கழலை நோய் பரவி, நாட்டில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் மாண்டதை நேயர்கள் மறந்திரார். அந்நோயை ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்பும். காதில் எண் இருந்தால் கொசு கடியாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நோய்ப் பூச்சிகள் தாமாக நெடுந்தூரம் செல்வதில்லை. மாட்டு லாரியே அவற்றையும் நோயையும் தொலைவுக்குக் கொண்டு செல்கிறது. லாரியின் வழி தெரிந்தால், ஊசி எங்கே முந்த வேண்டுமென்பதும் தெரியும்.

இனி, மாட்டின் நோயினின்றும் மனிதரின் உணவுக்கு வருவோம். 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019-ல் முடிவுகளை வெளியிட்டனர். பாலில் நீரும் பொடியும் கலக்கிறார்கள் என்பதே ஜனங்களின் பேரச்சம். சோதனை காட்டியதோ வேறு. உயிருக்கு ஊறு செய்யும் கலப்படம் மிகச் சிலவற்றிலேயே இருந்தது. ஆனால், 'அஃப்லடாக்ஸின் எம்-1' என்னும் பூஞ்சை நஞ்சு 368 மாதிரிகளில் அளவுக்கு மேல் இருந்தது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் மருந்தின் மிச்சம் வரம்பைக் கடந்து நின்றது. பூஞ்சை நஞ்சு மிகுந்த இராஜ்யங்களில் முதலில் நின்றது நமது தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88.

இந்நஞ்சைக் கறப்பவர் கலக்கவில்லை, விற்பவரும் கலக்கவில்லை. ஈரம் பட்டுப் பூசணம் பூத்த கடலைப் பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் பருத்திக்கொட்டையையும் மாடு தின்கிறது. நஞ்சு உருமாறி மடி வழியே வருகிறது. காய்ச்சினால் அது போகாது; பாலைச் சுண்டச் செய்யும் பண்டத்தில் அது செறிவதற்கும் இடமுண்டு. மருந்தின் மிச்சமோ, மடி நோய்க்கு ஊசி போட்ட பசுவின் பாலை வைத்தியர் விலக்கச் சொன்ன நாள் கழியுமுன் கேனில் ஊற்றுவதால் வருவது.

ஈண்டு நாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் மீது குற்றம் சுமத்தவில்லை. சுமத்த ஆதாரமும் இல்லை. நாம் கேட்பது ஒன்றே: 88 மாதிரிகள் தவறின என்றால், அவை எந்தக் கேனிலிருந்து, எந்தச் சங்கத்திலிருந்து, எந்தத் தீவனத்திலிருந்து வந்தவை என்று பின்னோக்கிச் செல்ல வழி இருந்திருந்தால், அந்தப் பிண்ணாக்கு மூட்டையை அன்றே நிறுத்தியிருக்கலாம் அன்றோ? வழியில்லாதபோது, குற்றமற்ற கறவைக்காரனும் சந்தேகத்தைச் சுமக்கிறான். நமது பால்கோவாவின் நற்பெயர் பல தலைமுறை உழைப்பால் வந்தது. அப்பெயரைக் காப்பது பெட்டியின் மேலுள்ள குறியீடு மட்டுமன்று. தொழுவத்தின் உள்ளே உள்ள கணக்குமாகும்.

புருசெல்லா நோயின் வரலாறும் இதனையே போதிக்கிறது. மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டாத் தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை நெடுங்காலம் வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887-ல் டேவிட் புரூஸ் என்பார் கண்டுபிடித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறதென்று பல ஆண்டு எவருக்கும் தெரியவில்லை. 1905-ல் அத்தீவினரான ஜம்மிட் என்னும் வைத்தியர், நோயற்றவை போல் தோன்றிய ஆடுகளிடமே அது குடியிருப்பதைக் காட்டினார். மறு ஆண்டு சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது, காய்ச்சலும் இறங்கிற்று. கிருமியைக் கண்டது ஓர் அறிவு. அதன் வழியைக் கண்டது மற்றோர் அறிவு. உயிர் காத்தது இரண்டாவது அறிவே. இன்றும் கன்று வீசிய பசுவை வெறுங்கையால் பிரசவம் பார்க்கும் உழவனுக்கும், காய்ச்சாத பாலைப் பருகும் குழந்தைக்கும் அந்நோய் வரக்கூடும். நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுக்கு ஒருமுறை போடும் ஊசி அதனைத் தடுக்கும். எந்தக் கன்று பெற்றது என்று பிற்காலத்தில் அறிய, காதில் உள்ள எண்ணையன்றி வேறு சாட்சி ஏது?

மாட்டுக்கு அடையாளமிடுவதும் கணக்கு வைப்பதும் மேனாட்டார் கற்பித்த புதுமை என்று எவரும் எண்ண வேண்டா. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரத்தில் பசுக்களின் தலைவனான 'கோ அத்யக்ஷன்' கடமையைக் கூறும் அத்தியாயம் ஒன்று உண்டு. பிறந்த கன்றுக்கு ஓரிரு மாதத்துக்குள் குறியிட வேண்டும். இட்ட சூடு, இயற்கை அடையாளம், நிறம், கொம்பின் அமைப்பு ஆகிய இவற்றை ஏட்டிற் பதிய வேண்டும் என்று அது விதிக்கிறது. அம்மட்டோ? அவன் காக்க வேண்டிய கணக்குகளில் தொலைந்தவை ஒரு தலைப்பு. அழிந்தவை ஒரு தலைப்பு. பாலும் நெய்யும் ஒரு தலைப்பு. இறந்த மாட்டை ஏட்டினின்றும் நீக்காத கணக்கு கணக்கன்று என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆநிரை கவர்ந்தவரையும் மீட்டவரையும் நடுகல்லாக நிறுத்திய தமிழ்நாடு, யார் மாடு எது என்று அறியாமலா போரிட்டது? இன்றும் நமது தாவணியில் மாடு பார்க்கும் முதியவர் மயிலை, செவலை, காரி, பில்லை என்று நிறம் பிரித்து, சுழி பார்த்து, பல் பிடித்து, ஆயிரம் மாட்டில் தன் மாட்டை இனம் காண்பார். அவருடைய கண்ணிலுள்ள அறிவை ஊரறியச் செய்வதே இந்த எண். அவர் அறிவு அவரோடு முடியும். ஏட்டின் அறிவு அடுத்தவனுக்கும் பயன்படும்.

ஆயினும், ஜனங்களின் அச்சத்தை நாம் அலட்சியம் செய்தல் தகாது. கணக்கெடுக்க வருகிறோம் என்று சொல்லி வேறு காரியம் முடித்தவர் கதை நமக்குப் புதிதன்று. பசுக்களை எண்ணிக் குறியிடப் போவதாகச் சொல்லியே துரியோதனன் காட்டுக்குச் சென்றான். அவன் உள்ளத்திலிருந்ததோ பாண்டவரை இழிவு செய்யும் நோக்கம். அந்நிய ஆட்சியில் கணக்கப்பிள்ளை ஏட்டைத் திறந்தாலே வரி வருமென்று நடுங்கிய கிராமவாசியின் பேரன், இன்று காது குத்த வருபவரைக் கண்டு மாட்டை ஒளித்து வைத்தால், பிழை அவனுடையது மட்டுமன்று. 'இக்கணக்கினால் எனக்கு என்ன?' என்னும் அவன் கேள்விக்கு நேர்மையான விடை கூறப்படாததே பிழை.

இந்தக் கேள்வி வத்திராயிருப்பில் மற்ற ஊர்களைவிடக் கூர்மையானது. பிளவக்கல் அணைகளுக்கு மேலே எழும் மலைச்சரிவுகள் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நிலத்தைச் சேர்ந்தவை. காட்டோரத்தே கிடை போட்டு மலைமாடு மேய்த்து வந்த குடும்பங்கள் பல. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்ப்பதைத் தடுத்து உத்தரவிட்டு, பின்னர் அத்தடையைத் தேசீயப் பூங்கா, சரணாலயம், புலிக் காப்பகம் ஆகியவற்றின் அளவில் நிறுத்திற்று. வீட்டு மாட்டின் நோய் காட்டுமாட்டுக்கும் மானுக்கும் பரவுமென்பது மேய்ச்சலுக்கு எதிராகக் கூறப்படும் காரணங்களில் ஒன்று. அது பொய்யான காரணமன்று. கோமாரி பிளவுபட்ட குளம்புடைய பிராணி அனைத்தையும் பற்றும்.

ஆனால், வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஏ பிரிவு கூறுவதை மேய்ப்பரிற் பலர் அறியார். சரணாலயத்துக்குள்ளும், அதன் எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்று நோய்த் தடுப்பு செய்விக்க நடவடிக்கை எடுப்பது வன அதிகாரியின் கடமையென்று அது விதிக்கிறது. 1991-ல் ஏற்பட்ட விதி இது. இக்கடமை நிறைவேறியதா என்று எப்படி அறிவது? காது எண்ணும் ஊசிக் கணக்கும் இருந்தால், மேய்ப்பன் நிமிர்ந்து நின்று, 'என் மந்தையில் இத்தனை மாடு; இன்ன தேதியில் ஊசி பெற்றன; இதோ ஆதாரம்' என்று சொல்லலாம். ஊசி வராதிருந்தால், 'உங்கள் கடமை எங்கே?' என்று கேட்கலாம். எண்ணில்லாத மந்தைக்கு வாயில்லை. மேய்ச்சல் உரிமை வேறு வழக்கு. அதனைக் காது வில்லையே பெற்றுத் தந்துவிடுமென்று நாம் பொய்யாக ஆசை காட்டவில்லை. ஆனால், நோயைப் பரப்புபவன் என்னும் பழியையேனும் அவன் சுமக்க வேண்டாதிருக்கும்.

ஆகவே நமது கட்சி இதுவே: கணக்கு வேண்டும்; ஆனால் அது மாடு வைத்திருப்பவனுடைய கணக்காக இருக்க வேண்டும். அதிகாரியின் பெட்டிக்குள் மட்டும் கிடக்கும் கணக்கு அவனுக்கு விலங்கு. அவன் கையிலும் உள்ள கணக்கு அவனுக்குப் பத்திரம்.

இதன் பொருட்டுச் சர்க்கார் செய்ய வேண்டுவன சில உள. தாவணி நடக்கும் நாளில், தாவணியிலேயே, மாடு கைமாறிய அந்த நேரத்திலேயே பெயர் மாற்றிக் கொடுக்க ஆள் அமர்த்தப்பட வேண்டும். மாடு வாங்கியவன் பின்னர் ஒரு நாள் கூலியை இழந்து ஆபீசுக்கு நடப்பான் என்று எதிர்பார்ப்பது பேதைமை. முள்ளில் மாட்டி விழுந்த வில்லைக்கு மறு வில்லை இலவசமாகவும், தாமதமின்றியும் கிடைக்க வேண்டும். இன்ஷியூரன்ஸ் தொகை கேட்டு வருபவனிடம் 'வில்லை இல்லையேல் பணமில்லை' என்று கதவடைக்குமுன், விழுந்த வில்லையை மாற்றித் தர எவ்வளவு நாள் ஆயிற்று என்று அக்கம்பெனியும் அதிகாரியும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். நோய்த் தடுப்புக்காக மாட்டை விலக்கவோ அழிக்கவோ நேரின், நஷ்டஈடு உடனே வழங்கப்பட வேண்டும். இல்லையேல் நோயை ஒளிப்பதே விவசாயிக்கு இலாபமாகி விடும். பாரத் பசுதன் என்னும் தேசீயக் கணக்கில் உள்ள விவரத்தைச் சொந்தக்காரன் தன் மொழியில், தன் கைப்பேசியிலோ அச்சிட்ட தாளிலோ காண வகை இருத்தல் வேண்டும். நோய்த் தடுப்புக்கெனப் பெற்ற விவரத்தை வேறு காரியத்துக்கு எடுத்தாள்வதில்லை என்று சர்க்கார் வெளிப்படையாக வாக்களிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டாஸ்பத்திரிகளில் ஆள் இருக்க வேண்டும். ஒரே வைத்தியர் ஊசியும் போட்டு, சினையும் பார்த்து, கணினியிலும் தட்டுவாரென்று திட்டம் தீட்டுவோர், ஒரு நாள் அவரோடு தெருத் தெருவாக நடந்து பார்ப்பார்களாக.

2009-ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்று நோய்ச் சட்டம், நோய் கண்டவுடன் தெரிவிக்கும் கடமையைச் சொந்தக்காரன் மீது சுமத்துகிறது. ஊசி பெற்ற மாட்டுக்குக் குறியிடவும் சான்றிதழ் தரவும் இடமளிக்கிறது. சட்டம் இருக்கிறது, பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, எண்ணும் காதில் ஏறியிருக்கிறது. குறைவது ஜனங்களின் நம்பிக்கை. அதனை எந்தச் சட்டமும் உண்டாக்காது. ஜனங்களோடு வாழும் தொண்டர்களே உண்டாக்க முடியும்.

அரசியல் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. மேடை ஏறிக் கோமாதாவைப் புகழ்வது எளிது. மழையில் நனைந்த பிண்ணாக்கு மூட்டையைக் கொட்டி எறியுமாறு ஒரு விவசாயியை இணங்கச் செய்வது அரிது. பின்னதே பசு பக்தி. ஒவ்வொரு கிராமத்திலும் வாலிபர் இருவர் முன்வந்து, தம் தெருவிலுள்ள மாடுகளின் எண், ஊசி நாள், விற்றது, வாங்கியது, இறந்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்பாராயின், சர்க்கார் கணக்கில் உள்ள பிழை அடுத்த கிராம சபையிலேயே வெளிச்சத்துக்கு வரும். பால் சங்கத்தார், பால் ஊற்றும் உறுப்பினரின் எண்ணோடு அவருடைய பசுக்களின் எண்ணையும் சேர்த்து வைத்து, மருந்து கொடுத்த நாளில் அந்தப் பாலைத் தனியே ஒதுக்கும் உறுப்பினருக்கு நஷ்டம் வராதபடி ஏதேனும் ஈடு செய்வார்களாக. உண்மை சொல்பவனுக்கு அபராதமும், மறைப்பவனுக்கு முழு விலையும் கிடைக்கும் சங்கத்தில் உண்மை நெடுநாள் நில்லாது. இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டா. ஒரு பென்சிலும், ஒரு மணி நேரமும், அண்டை வீட்டான் மீது அன்பும் போதும்.

ஆயர்பாடியாகவே தன் ஊரைப் பாவித்துப் பாடிய ஆண்டாள் பிறந்த நாடு இது. இங்கே பசு செல்வமாக மதிக்கப் பெற்றது. செல்வத்தைக் கணக்கின்றி வைப்பவர் அதனை இழப்பர். வத்திராயிருப்பின் தாவணிப் பேரமும், கிடையும், பால் கேனும், பால்கோவாக் கடையும் ஒரே கயிற்றால் கட்டப்பட்டவை. அக்கயிற்றின் ஒரு நுனி இன்று மாட்டின் காதில் இருக்கிறது. மற்றொரு நுனியை அதிகாரி மட்டும் பிடித்திருந்தால் அது தளை. மாடு வளர்ப்போரும், பால் பருகுவோரும், ஊருக்குழைப்போரும் சேர்ந்து பிடிப்பாராயின் அது காவல். வரும் தாவணி நாளில் மாடு வாங்கும் ஒவ்வொருவரும் கயிற்றை வாங்குமுன், 'எண்ணை என் பேருக்கு மாற்றிக் கொடு' என்று கேட்கத் தொடங்கட்டும். அன்றே நமது ஆநிரைக் கணக்கு உயிர் பெறும்.